யூரோப்பியம் டெம்பரேச்சர் பெயின்ட் கிட்: வட சென்னைப் பட்டறைகளுக்கு எது உதவும், எது வீண்

புற ஊதா டார்ச்சை அடித்தால் சிவப்பாக ஒளிரும் ஒரு வெள்ளை பெயின்ட். டார்ச்சை நிறுத்தியதும் அந்தச் சிவப்பு எவ்வளவு வேகமாக அணைகிறது என்று அளந்தால், அடியில் உள்ள உலோகத்தின் வெப்பநிலை தெரிந்துவிடும். ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் இந்த முறை இப்போது கிட்டாகவே கிடைக்கிறது: ஒரு டப்பா பாஸ்பர் பொடி (புற ஊதா பட்டால் ஒளிர்வது), ஒரு டப்பா பைண்டர் (பொடியை உலோகத்தில் ஒட்டவைக்கும் திரவம்), 365 நானோமீட்டர் எல்.இ.டி.யும் சென்சாரும் அடங்கிய கையடக்க ரீடர். மணலி, எண்ணூர், திருவொற்றியூர், அத்திப்பட்டு பக்கம் பேரிங் சர்வீஸ், ஹீட் ட்ரீட்மென்ட், பைப்லைன் இன்ஸ்பெக்ஷன் பார்ப்பவர்களை மனதில் வைத்து இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பொடி அருமையான பொருள். பணம் வீணாவது ரீடரிலும் பூசும் முறையிலும்தான். ஒளியின் அளவை, அதாவது பிரகாசத்தை வைத்து வெப்பநிலை சொல்லும் கிட் எதையும் வாங்க வேண்டாம். ஒளி அணையும் நேரத்தை அளக்கும் கிட்தான் வேலைக்கு ஆகும். அதிலும் உங்களுக்கு வேண்டிய வெப்பநிலைக்கு ஏற்ற ஃபில்டர் (ஒரு குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் சென்சாருக்கு விடுவது) உள்ளே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்களுக்கு இது தேவைதானா? ஐ.ஆர். கன் (தொடாமலே அகச்சிவப்பை வைத்து வெப்பநிலை சொல்வது) பளபளப்பான அலுமினியம் கிளாடிங்கில் (இன்சுலேஷன் மேல் போர்த்தும் தகடு) தவறாகக் காட்டுகிறது என்பது மட்டுமே பிரச்சினை என்றால், இந்தக் கிட் வேண்டியதில்லை. பளபளப்பான அலுமினியத்தின் எமிசிவிட்டி, அதாவது வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் திறன், 0.1 அளவில்தான் இருக்கும். கன்னில் 0.95 என்று வைத்து அடித்தால், அது வானத்தையும் எதிரே நிற்கும் டேங்கையும் சேர்த்துப் படிக்கும். உள்ளங்கை அளவுக்கு மேட் கறுப்பு ஹீட் ரெசிஸ்டென்ட் பெயின்ட் பூசி, அதில் கன்னை அடித்தால் போதும். செலவு ஒரு சின்ன டப்பா பெயின்ட்.

கறுப்பு பெயின்ட்டும் தெர்மோகப்புளும் (தொட்டு வெப்பநிலை அளக்கும் உலோக வயர்) கைகொடுக்காத இடங்கள் சில உண்டு. இன்டக்ஷன் பேரிங் ஹீட்டரில் காயில் ஓடும்போது தெர்மோகப்புள் வயர் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு ரீடிங் ஆடும். சுழலும் ஷாஃப்ட், கப்ளிங் ஆகியவற்றில் வயரே இழுக்க முடியாது. ஹை வோல்டேஜில் இருக்கும் பஸ்பார் (மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டை) ஜாயின்ட்டில் உலோக வயரைத் தொட வைக்கக் கூடாது. வெயிலும் பக்கத்து ஃபர்னஸின் அனலும் படுகிற பரப்பில் ஐ.ஆர். கன் ஏமாறும். இந்த நான்கு இடங்களிலும் பாஸ்பர் பெயின்ட் காசுக்கு உழைக்கும். இன்டக்ஷன் ஹார்டனிங் பட்டறைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஹார்டனிங் நடப்பது 850 டிகிரிக்கு மேல், இந்தப் பொடி அங்கே சுத்தமாக அணைந்துவிடும். அதற்குப் பிறகு வரும் டெம்பரிங், ஷ்ரிங்க் ஃபிட், பேரிங்கைச் சூடாக்கி மாட்டுவது ஆகியவைதான் இதன் எல்லைக்குள் வரும்.

உள்ளே என்ன நடக்கிறது

கிட்டில் வரும் பொடி, யூரோப்பியம் என்ற அருமண் (ரேர் எர்த்) தனிமம் கலந்த யிட்ரியம் ஆக்சிசல்பைடு. பழைய பெட்டி டிவித் திரையில் சிவப்பு நிறம் தந்தது இதுவே. புற ஊதா ஒளியை வாங்கிய யூரோப்பியம் அயனி சிறிது நேரம் கிளர்ந்த நிலையில் இருந்துவிட்டு 626 நானோமீட்டர் சிவப்பை உமிழும். வெப்பநிலை ஏறும்போது அந்த ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகவே கழிந்துபோக வேறொரு வழி திறக்கிறது. வழி அகலமாக அகலமாக ஒளி சீக்கிரம் அணையும். ஒளி முதல் அளவின் 37 சதவீதத்துக்கு இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அணைவு நேரம். கோயில் மணியை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தட்டினாலும் ரீங்காரம் தேயும் வேகம் ஒன்றுதான். அதேபோல எல்.இ.டி. மங்கினாலும், பெயின்ட் மேல் தூசி படிந்தாலும், ரீடரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலும் அணைவு நேரம் மாறாது. பிரகாசத்தை அளக்கும் கிட்டில் இவை ஒவ்வொன்றும் பொய் ரீடிங் தரும். எண்ணூரில் சாம்பல் தூசியும் உப்புக் காற்றும் ஒரே வாரத்தில் பெயின்ட் மேல் ஒரு படலம் போர்த்திவிடும். பிரகாசக் கிட்டுக்கு இந்த ஊர் ஒத்துவராது.

கிட்டுகளின் விளம்பரத் தாள்களில் பெரும்பாலும் தெளிவாகச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பொடி ஒரே ஒரு நிறத்தில் ஒளிர்வதில்லை. 626 சிவப்பு வரியோடு (வரி என்பது ஒரே அலைநீளத்தில் வரும் ஒளி) 538 நானோமீட்டரில் பலவீனமான ஒரு பச்சை வரியும் உண்டு. 626 வரியின் அணைவு நேரம் அறை வெப்பநிலையில் சில நூறு மைக்ரோ நொடி. ஏறக்குறைய 150 டிகிரி வரை அது பெரிதாக அசையாது. அதற்கு மேல்தான் சரசரவென்று இறங்கி, 350 டிகிரியை நெருங்கும்போது பிடிக்கவே முடியாத அளவுக்குச் சுருங்கும். 538 வரி முன்னதாகவே மாறத் தொடங்கும்; அறை வெப்பநிலையிலிருந்து 150 டிகிரிவாக்கில் வரை அதுதான் உதவும். 626 ஃபில்டர் மட்டும் உள்ள ரீடரை வாங்கிக்கொண்டு வந்து 80 டிகிரி பேரிங் ஹவுசிங்கை அளந்தால் ரீடிங் அங்கும் இங்கும் தாவும். பொடியைக் குறை சொல்லிப் பயனில்லை, ஃபில்டர் தவறு. கணக்குப் போட்டாலே புரியும்: அணைவு நேரம் டிகிரிக்கு 0.1 சதவீதம் மட்டுமே மாறும் இடத்தில் ரீடர் 1 சதவீதம் பிசகினால் பிழை 10 டிகிரி. டிகிரிக்கு 2 சதவீதம் மாறும் இடத்தில் அதே பிசகு வெறும் அரை டிகிரி.

அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ‘எத்தனை டிகிரி வரை காட்டும்’ என்பதல்ல. எந்த அலைநீளத்தில், எந்த வெப்பநிலையிலிருந்து எந்த வெப்பநிலை வரை, டிகிரிக்கு எத்தனை சதவீதம் மாறுகிறது என்று கேளுங்கள். அந்த வளைகோட்டைத் தாளில் தர முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

மேல் எல்லையைத் தீர்மானிப்பது எலக்ட்ரானிக்ஸ். எல்.இ.டி. நின்ற பிறகு சிதறல் ஒளியையும் பைண்டரின் சொந்த ஒளிர்வையும் தவிர்க்க ரீடர் முதல் சில மைக்ரோ நொடிகளைத் தள்ளிவிட்டுத்தான் அளக்கும். மலிவான ரீடர் 50 மைக்ரோ நொடியைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 டிகிரிக்கு மேல் அணைவு நேரம் அதைவிடக் குறைந்துவிட்டால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. நல்ல ரீடரின் எல்.இ.டி. ஒரு மைக்ரோ நொடிக்குள் முழுதாக அணைய வேண்டும்.

தவறான பொடி

பாரிமுனைப் பக்கம் விசாரித்தாலும் ஆன்லைனில் தேடினாலும் ‘அருமண் ஒளிர் பொடி’ என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருட்கள் வரும். ஒன்று நமக்கு வேண்டிய ஆக்சிசல்பைடு. இரண்டாவது டியூப்லைட், சி.எஃப்.எல். விளக்குகளுக்கான சிவப்புப் பொடி, அதாவது யூரோப்பியம் கலந்த யிட்ரியம் ஆக்சைடு. மூன்றாவது இருட்டில் பச்சையாக மின்னும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட்.

விளக்குப் பொடி 254 நானோமீட்டர் மெர்குரி ஒளிக்காகச் செய்தது. 365 எல்.இ.டி.யை அது அநேகமாக உறிஞ்சவே உறிஞ்சாது, மங்கலாகத்தான் ஒளிரும். அதோடு சுமார் 500 டிகிரி தாண்டும்வரை அதன் அணைவு நேரம் பெரிதாக மாறாது. நல்ல பொடிதான், நம் கிட்டுக்குப் பொருந்தாது. ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டை எந்த வேலைக்கும் எடுக்க வேண்டாம். வாங்கிய ஒளியைச் சேமித்து மணிக்கணக்கில் விடுவது அதன் இயல்பு, முந்தைய வெளிச்சத்தைப் பொறுத்தே அது ஒளிரும். தண்ணீர் பட்டால் சிதையவும் செய்யும். மழைக்காலச் சென்னைக்கு ஆகாது.

பிரித்துப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. சிட்டிகைப் பொடியை ஸ்டீல் தட்டில் வைத்து 365 டார்ச் அடியுங்கள். டார்ச்சை நிறுத்திய பிறகும் பச்சை மிச்சமிருந்தால் அது ஸ்ட்ரான்சியம் அலுமினேட். சிவப்பு மங்கலாக இருந்தால் விளக்குப் பொடி. பளிச்சென்று சிவந்தால் தட்டை அடுப்பில் வைத்துச் சூடேற்றுங்கள். ஆக்சிசல்பைடு 300 டிகிரி தாண்டும்போது கண்ணுக்குத் தெரியும்படி மங்கி, ஆறியதும் பழைய சிவப்புக்கே திரும்பும். திரும்பாவிட்டால் பொடி கலப்படம் அல்லது ஏற்கெனவே கெட்டது. இந்தச் சோதனையின்போது 365 ஒளியைத் தடுக்கும் கண்ணாடியை அணியுங்கள். புற ஊதா கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாததால் கூச்சம் வராது, பாதிப்பு மட்டும் வரும்.

கலப்பதும் பூசுவதும்

ஸ்டேம்ப் அளவுப் பூச்சுகளுக்கு 10 கிராம் பொடி தாராளம். 250 டிகிரிக்குள் வேலை என்றால் கிளியர் சிலிகோன் ரெசின் வார்னிஷ், 50 சதவீதம் திடப்பொருள் உள்ளது, 20 கிராம்; சைலீன் 5 கிராம். இந்த அளவில் காய்ந்த படலத்தில் பொடி கன அளவில் ஏறக்குறைய 18 சதவீதம் இருக்கும். ஈரத்தில் 100 மைக்ரான் பூசினால் காய்ந்து 40 மைக்ரான் ஆகும். 2-க்கு 2 செ.மீ. பூச்சு ஒன்றுக்கு 0.016 மில்லி திடப்பொருள்தான் செலவாகும். 35 கிராம் கலவையில் கணக்குப்படி அறுநூற்றுக்கும் மேல் பூச்சுகள் வரும். பிரஷ்ஷிலும் டப்பாவிலும் ஒட்டியதைக் கழித்தாலும் ஒரு டப்பா பல மாதம் ஓடும். எனவே கிலோ கணக்கில் பொடி வாங்கச் சொல்லும் விற்பனையாளரின் பேச்சை விட்டுவிடலாம்.

பொடியை அரைக்கக் கூடாது. பாஸ்பர் துகள் சில மைக்ரான் அளவில்தான் இருக்கிறது. மிக்சியிலோ பால் மில்லிலோ அரைத்தால் படிக மேற்பரப்பு சிதைந்து ஒளி குறையும். ஸ்டீல் கரண்டியால் உரசிக் கலக்குவதும் தவறு, இரும்பு கலந்தால் ஒளி செத்துவிடும். பிளாஸ்டிக் குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். பொடியின் அடர்த்தி ரெசினைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. இரண்டு நிமிடம் விட்டாலே அடியில் தங்கும், ஆகவே ஒவ்வொரு முறை தொடும்போதும் கிளறிவிட வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, பொடியைச் சாதாரண வெள்ளை எனாமலில் கலப்பது. எனாமலின் வெள்ளைக்குக் காரணமான டைட்டானியம் டையாக்சைடு 400 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். 365 எல்.இ.டி.யின் ஒளி பொடியைத் தொடுவதற்கு முன்பே தீர்ந்துவிடும். வெள்ளை ஹீட் ரெசிஸ்டென்ட் பெயின்ட்டை அடிப்பூச்சாகப் போடலாம், கலவைக்குள் போடக் கூடாது.

250 டிகிரிக்கு மேல் சிலிகோன் பழுத்து மஞ்சளாகி ஒளியைத் தின்னத் தொடங்கும். அங்கே பொட்டாசியம் சிலிகேட் கரைசல் வேண்டும்: 10 கிராம் பொடிக்கு 30 சதவீதம் திடப்பொருள் உள்ள கரைசல் 15 கிராம், தேவைப்பட்டால் இரண்டு மூன்று மில்லி சுத்த நீர். விலை குறைவு என்று சோடியம் சிலிகேட்டை எடுத்தால், கடற்காற்று ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வரும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆவதுதான் காரணம். பொட்டாசியத்தில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் சிலிகேட் கடுமையான காரம். அலுமினியம் மீது பூசினால் ஹைட்ரஜன் குமிழி கிளம்பிப் பூச்சில் ஊசித்துளை விழும். அலுமினியம் கிளாடிங் என்றால் சிலிகோன்தான். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அலுமினியம் பாஸ்பேட் பைண்டரை இந்தப் பொடியோடு சேர்க்கவே கூடாது. அது வலுவான அமிலத்தன்மை கொண்டது. ஆக்சிசல்பைடில் உள்ள கந்தகம் அமிலத்தில் ஹைட்ரஜன் சல்பைடாகக் கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்த டப்பாவை உடனே மூடி வெளியே எடுத்துச் செல்லுங்கள். பொடி கெடுவதைவிட அந்த வாயுவின் நச்சுத்தன்மைதான் பெரிய ஆபத்து.

பரப்பை முதலில் அசிட்டோனால் துடைத்து, 220 கிரிட் எமரி தாளால் உரசி, மறுபடி அசிட்டோனால் துடையுங்கள். எண்ணூர், கத்திவாக்கம், காசிமேடு போன்ற கடலோர இடங்களில் இதற்கு முன் நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்துவது அவசியம். அசிட்டோன் எண்ணெயை எடுக்கும், உப்பை எடுக்காது. உப்பு மிச்சமிருந்தால் பூச்சின் அடியில் ஈரம் இழுத்து, சில வாரங்களில் கொப்புளம் கிளம்பும். கழுவி, உரசி, துடைத்து முடித்ததும் பூசிவிடுங்கள். காலையில் உரசிய மைல்ட் ஸ்டீலை மாலையில் பூசலாம் என்று விட்டால் துரு எட்டிப் பார்க்கும்.

சூடாக ஓடிக்கொண்டிருக்கும் லைனில் பூசும் ஆசையை அடக்க வேண்டும். பரப்பு 50 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். 80-க்கு மேல் சைலீன் குமிழ்விட்டுப் பூச்சு சல்லடையாகும். சிலிகோன் பூச்சுக்கு அரை மணி நேரம் காற்றில் உலர்த்தி, பிறகு 200 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் க்யூர் (சூட்டில் இறுகவிடுவது) கொடுக்க வேண்டும். ஓவனுக்குள் நுழையாத பைப்புக்கு ஹீட் கன் உதவும், அல்லது லைன் மெல்லச் சூடேறும்போது தானாக க்யூர் ஆகட்டும். சிலிகேட்டுக்குப் பொறுமை வேண்டும்: ஒரு இரவு காற்றில், பிறகு 60, 90, 120, 200 டிகிரிகளில் ஒவ்வொரு மணி நேரம். உள்ளே தண்ணீர் இருக்கும்போது அவசரப்பட்டுச் சூடேற்றினால் அப்பளம்போல் உப்பிப் பெயர்ந்துவிடும். 50 மைக்ரானுக்கு மேல் தடித்தாலும் வெடிக்கும்.

தடிமன் இன்னொரு வகையிலும் முக்கியம். அடியிலுள்ள உலோகத்தின் வெப்பநிலைதான் நமக்கு வேண்டும், பெயின்ட்டின் மேற்பரப்பு அல்ல. சதுர மீட்டருக்கு 10 கிலோவாட் வெப்பம் கடந்துபோகும் பரப்பில் 40 மைக்ரான் சிலிகோன் பூச்சின் இரு பக்கத்துக்கும் ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் வித்தியாசம் இருக்கும். 200 மைக்ரான் பூசினால் அது ஆறேழு டிகிரி ஆகிவிடும். நன்றாக ஒளிர வேண்டும் என்று கோட்டின் மேல் கோட் போடுபவர்கள் தங்கள் அளவீட்டைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

மெல்லிய கிளாடிங் தகட்டில் பூச்சின் பரப்பளவையும் கவனிக்க வேண்டும். பெயின்ட்டின் எமிசிவிட்டி 0.9 அளவு, வெற்று அலுமினியத்தினுடையது 0.1 அளவு. 150 டிகிரியில் பூசிய இடம் கதிர்வீச்சாக இழக்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,200 வாட், பூசாத இடம் இழப்பது 130 வாட் சொச்சம். பெரிதாகப் பூசினால் அந்த இடமே குளிர்ந்துவிடும். 2 செ.மீ. சதுரத்தைத் தாண்ட வேண்டாம். தடித்த பைப், ஃபிளேஞ்ச், ஹவுசிங் ஆகியவற்றில் இந்தக் கவலை இல்லை.

இந்த ஊரில் என்ன கெடுக்கும்

மதிய வெயில் முதல் எதிரி. ரீடரின் சென்சார் வெயிலில் நிரம்பிவிட்டால் அணைவு வளைகோடு தலை வெட்டுப்பட்டு வரும். கறுப்பு ரப்பர் ஹூட் இல்லாத ரீடர் வெளி வேலைக்கு உதவாது. பட்டறைக்குள் டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ரீடரின் துடிப்பு வேகம் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் என்றால் அந்தத் துடிப்பு ஒவ்வொரு அளவீட்டிலும் ஒரே இடத்தில் ஏறி உட்காரும், ஆயிரம் முறை சராசரி எடுத்தாலும் போகாது. 37, 73 போன்று ஒட்டாத எண்ணில் வைக்க முடிகிற ரீடராகப் பாருங்கள்.

மணலிப் பக்கம் எண்ணெய்ப் படலம். பெட்ரோலிய எண்ணெய் புற ஊதாவில் தானே நீலமாக ஒளிரும். அது நானோ நொடிகளில் அணைந்துவிடுவதால் அணைவு நேர ரீடரைக் குழப்பாது. ஆனால் 365 ஒளியைக் குடித்துவிடும், சிக்னல் மெலியும். துடைத்துவிட்டு அளக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. இந்தக் கைக்கருவிகளில் பெரும்பாலானவை ஃபிளேம்புரூஃப் (எரிவாயு உள்ள இடத்தில் தீப்பற்ற வைக்காதவை) அல்ல. எரிவாயு கசியக்கூடிய ஏரியாவுக்குள் பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரம் இல்லாத மின்கருவியைக் கொண்டுபோகவே கூடாது. பர்மிட் எழுதும்போது ரீடரையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்சுலேஷனுக்கு அடியில் பூசி, சின்ன ஜன்னல் வழியே படிப்பது நல்ல யோசனை. கடற்காற்றுக் குளோரைடு உள்ள இடங்களில் 50 முதல் 175 டிகிரி வரை ஓடும் ஸ்டெயின்லெஸ் லைன்களை அடிக்கடி பார்ப்பது நல்லது, வெடிப்பு வரும் எல்லை அது. ஜன்னலுக்குச் சாதாரணக் கண்ணாடி போதும், 365 அதில் நுழையும். பாலிகார்பனேட் போட்டால் புற ஊதா நின்றுவிடும், ரீடர் ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லும்.

சுழலும் ஷாஃப்ட்டில் ஸ்டேம்ப் அளவுப் பூச்சு பயன்படாது. 100 மி.மீ. ஷாஃப்ட் 1,500 ஆர்.பி.எம்.மில் ஓடினால் பரப்பு ஒரு மில்லி நொடியில் ஏறக்குறைய 8 மி.மீ. நகரும். ஒளிர்ந்த புள்ளி பார்வையை விட்டு வெளியேறிவிட, ரீடர் ஒளி சீக்கிரம் அணைந்தது என்று எடுத்துக்கொண்டு உண்மையைவிட அதிக வெப்பநிலையைக் காட்டும். சுற்றளவு முழுக்க 25 மி.மீ. அகலத்துக்கு ஒரு வளையமாகப் பூசி, ரீடரின் ஒளிப்புள்ளியைவிடப் பார்வைப் பரப்பு அகலமாக இருக்கும்படி வையுங்கள்.

காசிமேட்டுப் படகு இன்ஜினின் எக்ஸாஸ்ட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். கரி அரை நாளில் மூடிவிடும், வெப்பநிலையும் எளிதாக எல்லை தாண்டும். அங்கே ஒரு கே-டைப் தெர்மோகப்புள் புரோப் போதும்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள்

ரீடரை வாங்கும் முன் ஏ.சி. அறையில் ஒரே பூச்சை நான்கு விதமாக அளக்கச் சொல்லுங்கள்: 5 செ.மீ. தூரத்தில், 10 செ.மீ. தூரத்தில், பூச்சின் பாதியைக் கறுப்பு டேப்பால் மறைத்து, விளக்கை அணைத்து. நான்கிலும் ரீடிங் ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் அது பிரகாசத்தைத்தான் அளக்கிறது, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. இந்தச் சோதனை 538 ஃபில்டரில் நடக்க வேண்டும். அறை வெப்பநிலையில் 626 ஏற்கெனவே தட்டையான இடத்தில் இருப்பதால் அதில் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

தொழிற்சாலை தந்த வளைகோட்டை அப்படியே நம்பாமல் உங்கள் உலோகத்தில், உங்கள் பைண்டரில் ஒரு முறை அளவீடு செய்துகொள்ள வேண்டும். 10 மி.மீ. தடிமன் ஸ்டீல் துண்டில் பூச்சுக்கு நேர் அடியில் 1.5 மி.மீ. துளை போட்டு, தெர்மோகப்புளை நுழைத்து, ஹாட் பிளேட்டில் 25 டிகிரி படிகளாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் கால் மணி நேரம் நிறுத்தி, ரீடிங் அரை டிகிரிக்குள் நிலைத்த பிறகு எழுதுங்கள். இறங்கும்போதும் அதே படிகள். ஏறும்போது கிடைத்த அணைவு நேரமும் இறங்கும்போது கிடைத்ததும் ஒத்துப்போகவில்லை என்றால் பைண்டர் முழுதாக க்யூர் ஆகவில்லை. உச்ச வெப்பநிலையில் 24 மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி எடுங்கள். இரண்டாவது வளைகோடு முதலாவதிலிருந்து விலகினால் அந்தப் பூச்சு நீண்ட நாள் வேலைக்கு ஆகாது.

துல்லியம் பற்றி விற்பனைத் தாள் சொல்வதை இங்கே எடை போடலாம். கிளாஸ் 2 கே-டைப் தெர்மோகப்புளுக்கு 333 டிகிரி வரை அனுமதிக்கப்பட்ட பிழையே ±2.5 டிகிரி. அதை வைத்து அளவீடு செய்த பெயின்ட் ±0.5 என்று எழுதியிருந்தால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சரிபார்த்த தெர்மோகப்புள், அதன் சான்றிதழோடு, ஒன்றே ஒன்று பட்டறையில் இருந்தால் நல்லது. உங்கள் வேலைக்கு ±3 டிகிரி போதும் என்றால் இந்தக் கிட் அதைத் தரும்.

மற்ற பொடிகள்

டிஸ்புரோசியம் கலந்த யிட்ரியம் அலுமினியம் கார்னெட், சுருக்கமாக யாக், ஆயிரம் டிகிரிக்கு மேலும் ஒளிரும். சூடான உலோகத்தின் சொந்தச் சிவப்பு தொந்தரவு செய்யாத நீலப் பகுதியில், 455, 497 நானோமீட்டரில், அதன் வரிகள் இருப்பதும் பெரிய வசதி. அமிலப் பாஸ்பேட் பைண்டரையும் தாங்கும். தொல்லை ஒட்டுவதில்தான். ஸ்டெயின்லெஸ் 304 சூடேறும்போது விரிவது யாக்கைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான்கைந்து முறை ஏறி இறங்கினால் பூச்சு வெடித்து உதிரலாம். நிலக்கரி பாய்லருக்குள் சாம்பல் படிவு வேறு மறைத்துவிடும். ஒளியூட்டப் பெரும்பாலும் 355 நானோமீட்டர் லேசர் தேவை. டர்பைன் ஆராய்ச்சிக்கு உகந்தது, நம் பட்டறைக்கு இல்லை.

இட்டெர்பியம், எர்பியம் கலந்த ஃபுளோரைடு பொடி 980 நானோமீட்டர் அகச்சிவப்பை வாங்கிப் பச்சையாக ஒளிரும். 525, 545 நானோமீட்டர் வரிகளின் விகிதமே வெப்பநிலையைச் சொல்லும், அறை வெப்பநிலையில் டிகிரிக்கு 1 சதவீதத்துக்குச் சற்று மேல் மாறும். அழகான முறை, ஆனால் கண்ணுக்குத் தெரியாத லேசரைப் பட்டறையில் கையில் பிடித்துக்கொண்டு அலைவது ஆபத்து.

அருமண்ணே இல்லாத மாங்கனீசு கலந்த மெக்னீசியம் ஃபுளோரோஜெர்மனேட்டையும் பாருங்கள். 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு, சில மில்லி நொடி அணைவு நேரம், 365 எல்.இ.டி. போதும், அறை வெப்பநிலையிலிருந்து 700 டிகிரிவாக்கில் வரை ஒரே பொடியில் அளக்கலாம். அணைவு மெதுவாக இருப்பதால் மலிவான ரீடரே சமாளிக்கும். குறைந்த வெப்பநிலையில் சரிவு மென்மையாக இருப்பதால் துல்லியம் கொஞ்சம் குறையும். 626 மட்டும் உள்ள ஆக்சிசல்பைடு கிட்டுக்கும் இதற்கும் ஒரே விலை சொன்னால், இதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

வெல்டிங் ப்ரீஹீட்டுக்கு இவை எதுவும் வேண்டாம். குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் டெம்பரேச்சர் சாக் ±1 சதவீதத்துக்குள் சொல்லிவிடும்.

கையிருப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியது. யிட்ரியமும் டிஸ்புரோசியமும் அந்தப் பட்டியலில் உள்ளன. நம் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற அருமண் தாது கிடைத்தாலும், அதில் மிகுதியாக இருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம். யிட்ரியமும் யூரோப்பியமும் மிகக் குறைவு. ஆகவே அடுத்த டப்பா எப்போது வரும், எந்தத் தொழிற்சாலையிலிருந்து வரும் என்பது நிச்சயமில்லை. யூரோப்பியத்தின் அளவு லாட்டுக்கு லாட் சிறிது மாறினாலும் அணைவு வளைகோடு நகரும். டப்பா மேலுள்ள லாட் எண்ணை அளவீட்டுத் தாளிலும், பூசிய இடத்தின் டேக்கிலும் எழுதிவையுங்கள். பழைய லாட்டில் 2 கிராமைச் சிலிகா ஜெல்லோடு மூடிய பாட்டிலில் ஒதுக்கி வைத்துக்கொண்டால், புது லாட் வரும்போது இரண்டையும் ஒரே ஸ்டீல் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் பூசி ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு லாட்டை ஒரே டப்பாவில் ஒருபோதும் கலக்க வேண்டாம்.